மிளகு குரைத்த பகல்

இது நான் இட்டுக்கட்டியதல்ல. இட்டுக்கட்டியதாக இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பேன்.

எனக்கு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. இரவெல்லாம் வேலை, பகலில் தூக்கம். வீட்டில் அக்கா, நான், மிளகு. மிளகு எங்கள் நாய். வளர்ந்த நாய்தான், ஆனால் ஒரு தலையணை அளவுக்குமேல் இருக்காது. காப்பகத்திலிருந்து தத்தெடுத்தோம். முன்பு வளர்த்தவர்கள் சத்தம் பொறுக்காமல் அதன் தொண்டையில் அறுவை செய்து குரலை எடுத்துவிட்டார்களாம். குரைக்க வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். "ஹக்... ஹக்..." ஒவ்வொரு முறையும் சொல்வேன்: "கேட்டுச்சுடா. எனக்குக் கேட்டுச்சு." உடனே வாலை ஆட்டும். பெற்ற பிள்ளையைப் போலத்தான் அதை வைத்திருந்தேன்.

எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதனால் கழுத்தில் ஒரு மணி கட்டியிருந்தோம். அன்று காலை 7:10-க்குப் படுத்தேன். மணிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. கழற்றி வைத்தேன். ஒரு நாள்தானே...

12:10. நாய் குரைத்தது. கணீரென்று. யார் வீட்டு நாயோ உயிரை வாங்குகிறது என்று திட்டிவிட்டுத் தலையணையால் காதை மூடிக்கொண்டேன். மிளகாக இருக்க முடியாதே.

3:40. மறுபடியும் அதே குரல். இந்த முறை அறைக்குள்...

எழுந்தேன். "மிளகு?" வரவில்லை. சமையலறையில் இல்லை. பீரோவுக்குப் பின்னால் இல்லை. வாசல் கதவு பூட்டியிருந்தது. வேலைக்குப் போயிருந்த அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வீட்லதானே இருந்துச்சு. காலைல கிளம்புறப்போ நான் போர்வை எடுத்தேன், அப்போ கால்கிட்டதான் சுத்திட்டு இருந்துச்சு."

"எங்கேருந்து எடுத்தே?"

"உன் கட்டிலுக்கு அடியில, டிராயர்லேருந்து. அவசரத்துல மூடிட்டுக் கிளம்பிட்டேன். உள்ள போயிருந்தா மணி கேட்டிருக்குமே..."

போன் கையிலிருந்து நழுவியது.

குரைப்பு.

கட்டிலுக்கு அடியில்.

இழுத்தேன். டிராயர் சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்தேன்...

சத்தம் நின்றது.

போர்வைகளுக்கு நடுவே மிளகு. பலகை முழுக்க நகக் கீறல்கள்.

உடம்பு ஜில்லென்று இருந்தது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். கால்நடை மருத்துவர் தொட்டதுமே கையை எடுத்துவிட்டார்.

"மூச்சு முட்டியிருக்கு. உயிர் போய் ரெண்டு மணி நேரமாவது இருக்கும்."

"இப்பதான் குரைச்சுது டாக்டர்."

வாயைத் திறந்து, விளக்கடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இதால குரைக்கவே முடியாதுங்க."

மாலை 6:05. வெறும் கழுத்துப்பட்டையோடு வீடு திரும்பினேன். கீழ்வீட்டு அம்மா படியில் நிறுத்தினார்.

"உங்க நாய்க்கு உடம்பு சரியில்லையா? காலைல எட்டு மணிலேருந்து ஓயாம குரைச்சுதே. எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

நான் படியேறப் போனேன்.

"மேலேயே இருந்தீங்களே... உங்களுக்குக் கேக்கலையா?"