தலைவர் கையெழுத்திட்ட கூட்டக்குறிப்பு

பென்டில் ஹில் நிலையத்தில் ரயில் ஏறும்போதெல்லாம் டோரீனின் நினைவு வருகிறது. மவுண்ட் ட்ரூயிட்டிலிருந்து அதே ரயிலில் வருவார். முதல் பெட்டியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போன நாட்கள் அவை. இப்போது அவர் அந்த ரயிலில் வருவதில்லை; எனக்கு அந்தப் பெட்டியில் ஏறவே மனம் வருவதில்லை.

டோரீன் ஓர் அபொரிஜினல் பெண், இந்த மண்ணின் பூர்வகுடி. பல்கலைக்கழகக் கன்டீனில் தட்டுக் கழுவ வந்தவர், அங்கேயே படித்துப் பட்டம் பெற்று, இனப்பாகுபாட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவரானார். நான் அந்தக் குழுவுக்குக் கூட்டக்குறிப்பு எழுதுபவள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. பெரிய மனிதர்கள் மேசையின் தலைப்பக்கத்துக்கு முண்டியடிக்க, தலைவரோ என் பக்கத்துக் கதிரையில் உட்காருவார்.

தெற்குச் சூடானிலிருந்து வந்த தாதியியல் மாணவி அச்சோலின் முறைப்பாடு ஒருமுறை விசாரணைக்கு வந்தது. “உன் நிறத்தைக் கண்டால் நோயாளிகள் பயப்படுவார்கள்” என்று விரிவுரையாளர் அவளிடம் சொல்லியிருந்தார். கூட்டத்தில் அதை அவரே ஒப்புக்கொண்டார். பிறகு தாதியியல் பீடத்தை நடத்தும் பீடாதிபதி என்னைத் தனியே கூப்பிட்டு, “சிறு கருத்து வேறுபாடு” என்று எழுதினால் போதும் என்றார். அச்சோலுக்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சி அந்தக் குறிப்புத்தான்.

வீட்டில் கணவர் துஷாந்திடம் சொன்னேன்.

“அவர் சொன்னதை எழுதிக் குடுத்திட்டுப் பேசாம இரும், சயந்தினி. முதல்ல வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பாப்பம்.”

எழுதிக் கொடுத்தேன். வடிகட்டின கோழைத்தனம், வேறென்ன.

மறுநாள் டோரீன் தாளோடு வந்தார்.

“நீ அந்த அறையில் இருந்தாயா?”

“இருந்தேன்.”

“நானும் இருந்தேன். நாம் கேட்டதை எழுது.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினேன். “முதல் வரைவில் நேர்ந்த தவறு தலைவருடையது” என்று கீழே எழுதி, அவர் கையெழுத்திட்டார். அச்சோல் சொன்னது உண்மை என்று முடிவானது. என் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

ஆறு மாதம் கழித்து, அந்த ஒரு வரியைக் காட்டியே டோரீனைத் தலைமையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கூட்டத்துக்கும் குறிப்பு எழுதியவள் நான்தான். தவறு அவருடையதல்ல, என்னுடையது என்று எழுந்து நின்று சொன்னேன். குறிப்பு எழுத வந்தவருக்கு இங்கே பேச உரிமையில்லை என்றார் பீடாதிபதி.

அதையும் பீடாதிபதியின் பெயரோடு குறிப்பில் எழுதினேன்.