மாலையைக் கழற்றிவிட்டு வரலாம்

என் அத்தானின் சைக்கிளுக்கு பெல் கிடையாது. எதிரே ஆள் வந்தால் தொண்டையைச் செருமுவார். மாடு வந்தால் இறங்கி நின்றுவிடுவார். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு அத்தான். ஊருக்கு, மிராசுதாரின் மூன்று ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். அந்த சைக்கிளில்தான் பங்குனி உத்திரத்துக்குப் பழனி போனார். கூட நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

வேண்டுதல் நிலத்துக்காக. கழக ஆட்சி வந்து, உழுகிறவர் தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். பெயர் ஏறிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. அதனாலேயே கீழத்தஞ்சை முழுக்கக் குத்தகைக்காரர்களை அவசர அவசரமாக வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். கொடியும் போலீஸ் வேனும் பார்க்காத ஊர் இல்லை. அத்தானும் மனுப் போட்டிருந்தார். நிலத்தை நானே பயிரிடுகிறேன் என்று மிராசுதார் மறுத்திருந்தார். விசாரணைக்கு நாள் குறித்துக் காகிதம் வந்ததும், முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முந்தின நாளே திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்.

போகும்போது மிதிப்பது, வரும்போது சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவது என்பது எங்கள் ஏற்பாடு. அந்த வருஷம் பழனியில் கூட்டமான கூட்டம். ஆளை ஏற்றிக்கொள்கிறேன், சைக்கிளுக்கு இடமில்லை என்றார் லாரிக்காரர். இங்கேயே விட்டுவிட்டுப் போவோம், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான் கெஞ்சினேன். சாமி பார்க்கக் கூட்டி வந்ததைத் தெருவில் நிறுத்திவிட்டு வரமாட்டேன் என்றார். பிடிவாதத்தில் மனிதர் எருமை. ஆகவே திரும்பவும் மிதித்தோம். திண்டுக்கல் தாண்டியதும் என் பின் டயர் வெடித்து அரை நாள் போயிற்று. உட்காரும் இடமெல்லாம் புண். விசாரணை நாளன்று காலை பத்து மணிக்குத்தான் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். விசாரணை பதினொன்றுக்கு. ஊர் இன்னும் ஐந்து மைல்.

அத்தான் காலை ஊன்றி நின்றார். "இப்படியே உள்ள போயிடுவமா?" என்று என்னைக் கேட்டார்.

நான் அந்த வயதில் பெரிய சாஸ்திரக்காரன். கோயிலுக்குப் போய்வருகிறவன் நேராகத் தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும், இடையில் வேறெங்கும் நுழைந்தால் கொண்டுவரும் பலன் அங்கேயே தங்கிவிடும் என்று எங்கள் வீடுகளில் எல்லோரும் நம்பினோம். "கழுத்துல மாலையோட வம்பு வழக்கு நடக்குற எடத்துக்குப் போகக் கூடாதுங்க அத்தான். வீட்டுக்குப் போயி மாலையக் கழட்டிட்டு வந்துடலாம். ஒரு மணி நேரம் இருக்குல்ல" என்றேன். அவர் அந்தக் கட்டடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மிதித்தார்.

அக்கா குடத்துத் தண்ணீரோடு வாசலில் நின்றாள். காலில் தண்ணீர் ஊற்றி, ஆலம் சுற்றி, மாலையைக் கழற்றுவதற்குள் தெருவே வந்துவிட்டது. பழனிக்கு மிதித்துப் போய்வந்தவர் கையால் திருநீறு வாங்காமல் யார் போவார்கள்? கிழவர்கள்கூடக் காலில் விழுந்தார்கள். ஆளுக்கு ஒரு விரல் பஞ்சாமிர்தம். வேலை இருக்கிறது, போங்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அத்தான் ஒவ்வொரு நெற்றியிலும் பூசிக்கொண்டே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பப் போனபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். மனுதாரர் வரவில்லை, மனு தள்ளுபடி. படியிறங்கி வந்த மிராசுதாரின் காரியஸ்தர், தரிசனமெல்லாம் நல்லபடி ஆயிற்றா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆபீஸ் வாசலத் தாண்டித்தான வந்தீங்க? எந்தப் புத்தி கெட்டவன் சொன்னான், வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு?"

அத்தான்தான் பேசினார். "எனக்குத்தான் தோணிச்சு. ஒந்தம்பி உள்ள போயிடலாம்னுதான் சொல்லிச்சு."

அடுத்த வாரமே, முற்றி நின்ற உளுந்தை மிராசுதாரின் ஆட்கள் வந்து பிடுங்கினார்கள். தடுக்கப்போன அக்காவை வரப்பிலிருந்து தள்ளிவிட்டார்கள். அப்பீல் செய்தும் பலனில்லை. தான் உழுத நிலத்திலேயே அத்தான் கூலிக்கு அறுக்கப் போனார். அந்தப் பொய்யை ஏன் சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருவன்தான். அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டால் செருமிவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பார். அவர் செத்துப்போய் எட்டு வருஷம் ஆகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன பொங்கலுக்குச் சீர் வரிசை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, அக்கா தன் புது மருமகளிடம் சொன்னாள்: "அன்னைக்கு இந்த எந்தம்பி பேச்ச மட்டும் அந்த மனுஷன் கேட்டிருந்தா, இன்னைக்கு நமக்கு மூணு ஏக்கர் நெலம் இருந்திருக்கும்."

அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் சாப்பிட்டேன்.