சாத்துக்குடி ஆகாது

சவுரிமுத்து நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டிலோரம் தொங்கும் பையைத்தான் பார்ப்பார். பை கனமாக இருந்தால் அவருக்குத் துக்கம் தாங்காது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யாரு குட்த்தது சாத்துக்குடி? புளிப்பாச்சே! தையலு புட்டுக்கும், சீ புடிச்சிக்கும், தெரியுமா?" என்று பதறுவார். பதறிக்கொண்டே தோலை உரிப்பார். அந்தப் பொல்லாத பழம் நோயாளியின் கண்ணில்கூடப் படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், சுளை சுளையாகத் தன் வாயில் போட்டு ஒழித்துக்கட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். என்ன தியாகம்!

தொழில் மனை புரோக்கர். வண்டலூருக்கு மிருகக்காட்சி சாலை வந்ததிலிருந்து, "பக்கத்துல சிங்கம் கீது சார், திருட்டு பயமே இல்ல" என்று பொட்டல்காட்டை விற்கிறவர். பகலெல்லாம் பொய் சொன்ன வாய்க்குச் சாயங்காலம் கொஞ்சம் புண்ணியம் வேண்டாமா? தாம்பரத்தில் யாருக்குக் குடல்வால் எடுத்தாலும், யார் சைக்கிளிலிருந்து விழுந்தாலும், பார்வையாளர் நேரத்துக்கு டாணென்று நர்சிங் ஹோமில் நிற்பார். வெறுங்கையோடுதான். சவரத்தில் கன்னம் கிழிந்தால் அவருக்குச் சட்டென்று ஆறிவிடும். "நம்ம ஒடம்பு வாகு அப்டி மச்சான்" என்று மார்தட்டுவார். தினமும் அத்தனை சாத்துக்குடி உள்ளே போனால் வாகு வராமல் என்ன செய்யும்?

போன மாதம் அதே நர்சிங் ஹோமில் அவர் மனைவி பேபிக்கே வயிற்றில் ஆபரேஷன் ஆனது. வயிற்றுவலி என்று அவள் படுத்த நாளிலிருந்தே வீட்டில் எலுமிச்சை, தக்காளி, நெல்லி, கொய்யா எல்லாவற்றுக்கும் தடை. மாதக்கணக்கில் பால்சோறும் சுட்ட அப்பளமும்தான். இந்த ஒரு விஷயத்தில் மனுஷர் பொய் சொல்லவில்லை, பாவம். ஊருக்குச் சொன்னதைத் தானும் நம்பினார். அடுத்த கட்டில் கங்கம்மா தையல் பிரித்து வீட்டுக்கே போய்விட்டாள். பேபிக்கோ புண் வாய் மூடவில்லை. பல் ஈறிலும் ரத்தம் கசிந்தது. சவுரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. சாத்துக்குடியும் இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் நாகலக்ஷ்மி ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு, "தினம் என்னம்மா சாப்பிடறே?" என்று கேட்டார். பேபி சொன்னாள். டாக்டருக்கு வந்ததே கோபம்!

"சதையை இழுத்துப் பிடிக்கிறது கொலாஜன்னு ஒரு நார். வைட்டமின் சி இல்லாம உடம்பால அதை உருப்படியா உண்டாக்க முடியாது. நார் இல்லேன்னா நான் போட்ட தையல் எதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்? மாத்திரை எழுதறேன், பழமும் குடுங்க. புளிப்பு ஆகாதுன்னு இந்த வார்டுல கிளப்பிவிட்டது யாரு?"

கட்டில் கட்டிலாக எல்லாரும் சவுரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று மாலை முதன்முறையாகக் கையில் பையோடு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை உரித்தார். பழகிய கை அல்லவா, முதல் சுளை தன் வாய்க்கே போனது. பாதி வழியில் நின்றது.

"இந்தாம்மே, துன்னு" என்று பேபியின் உதட்டில் வைத்தார்.

"புளிப்பாச்சேய்யா? தையலு புட்டுக்கும்னியே?"

"அத்தச் சொன்னவன் கெடக்கிறான் பேமானி. நீ துன்னு."

ஒரு சுளை மிச்சமில்லாமல் ஊட்டினார். அவள் துப்பிய கொட்டைகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். பிறகு மடியில் கிடந்த தோலை எடுத்து, யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் வாயில் போட்டு மென்றார்.