தைலமரப் பூவின் தேன்

உழவர்கரையில் நானும் என் வீட்டுக்காரரும் மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். மீன் வாங்குவதும் சமைப்பதும் நான். பரிமாறுவதும் கல்லாவும் அவர். போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. தாளித்தால் சத்தம் கேட்கும், வாசனை வராது. செவுளைத் தூக்கி முகர்ந்து பார்க்காமல் நான் மீன் வாங்கியதே கிடையாது. இப்போது மீன் வாங்க வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு அவர் போக வேண்டியதாயிற்று. யாராவது தலையில் கட்டியதைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருவார். சாப்பிட வருகிறவர்கள் மீனைத் தட்டில் ஒதுக்க ஆரம்பித்தார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. டாக்டர், “தானா வரும், பொறுங்க” என்றார். பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

இருமலும் விடாமல் இருந்ததால் இவர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பாட்டில் தேன் வாங்கி வந்தார்.

“தைலமரத் தோப்புல பெட்டி வெச்சு எடுத்ததாம். வேற பூ கலக்காத தேன். நெஞ்சுச் சளிக்கு நல்லதாம்.”

“விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்?” என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன். தொண்டைக் கரகரப்பு அடங்கியது, அதை மறுக்க மாட்டேன். நாக்கில் இனிப்பு தெரிந்தது, தேன் தெரியவில்லை. சர்க்கரைப் பாகைக் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பேன்.

பாட்டில் பாதி இறங்கியபின் ஒரு காலை, ஸ்பூனை வாயில் வைத்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவருக்கு முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்க்கிற பழக்கம் உண்டு.

“என்னாங்க, தைலம் தேய்ச்ச கைய இதுக்குள்ள உட்டீங்களா? அறிவு இருக்கா உங்களுக்கு? தொண்டை வரைக்கும் தைல நாத்தம் அடிக்குது.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

“நான் கையே வெக்கலை. அந்தத் தேனே அப்படித்தான் இருக்கும். மொத நாளே எனக்குத் தெரிஞ்சிச்சு. உனக்குத் தெரியலையேன்னுதான் சொல்லலை” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாக இன்னொரு ஸ்பூன் எடுத்தேன். தைலத்தின் காரம் லேசாக மூக்குக்குள் குளிர்ந்து ஏறியது. இனிப்பு அதற்குப் பின்னால் வந்தது. கடைசியில் வெல்லப் பாகு கொஞ்சம் தீய்ந்த மாதிரி ஒரு கசப்பு. இத்தனை நாளும் இவ்வளவும் அந்தப் பாட்டிலுக்குள் இருந்திருக்கிறது. அழுதுவிட்டேன். பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன்.

தேன்தான் மூக்கைத் திறந்தது என்று இவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். டாக்டர் சொன்னபடி தானாக வந்திருக்கும் என்பது என் எண்ணம். எல்லாம் ஒரே நாளில் திரும்பவில்லை. கறிவேப்பிலை வந்தது, பூண்டு வந்தது, பெருங்காயம் இன்னும் மங்கல்தான். மீன் வாடை தெரிந்த மறுநாளே கூடையோடு குப்பத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

கரையில் ஒரு பெண் வஞ்சிரத்தை நீட்டினாள். “காலையில எறங்குனது, அக்கா.”

செவுளைத் தூக்கி முகர்ந்தேன். “இது நேத்து மீனு. யாரு காதுல பூ சுத்துற?”

அவள் என்னை முறைத்தாள். பிறகு பக்கத்துக்காரியிடம், “மூக்குக்காரி வந்துட்டாடி” என்று முணுமுணுத்துவிட்டு, தன் கூடையின் அடியிலிருந்து நல்ல மீனை எடுத்துப் போட்டாள்.