மீதி பூஜ்ஜியம் வந்தால்

பெரிய பகா எண் கண்டுபிடித்துவிட்டதாக வருகிறவர்களை உட்காரவைத்து, அது பகா எண் இல்லை என்று சொல்லி அனுப்புவதுதான் ஓய்வுக்குப் பிறகு கல்லூரிக் கணிதத் துறையில் எனக்கு மிஞ்சிய வேலை. ஒன்றும் தானும் தவிர வேறெதுவும் வகுக்காத எண் பகா எண். கெட்ட சேதி சொல்லும் பொறுப்பு வீட்டிலோ ஆபீஸிலோ உங்கள் தலையில் விழுந்திருந்தால், இந்தப் பாடு உங்களுக்கும் தெரியும்.

மூன்று

ஜோகுபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஒரு பக்கம் நீளும் எண்ணோடு வந்தார். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டது. அப்படியானால் எண்ணும் வகுபடும் என்றேன். அவர் அசரவில்லை.

"அது தெரியும் மேடம். மூணை விட்டுட்டுப் பாருங்க, வேற எதாலயும் போகாது."

பிரிக்க முடியாதது

செல்வராஜ் பொம்மனஹள்ளியில் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தவர். வயிற்றில் கட்டி, சீக்கிரமே ஆபரேஷன். அதற்கு முன் தன் எண் பகா எண்தானா என்று தெரிய வேண்டும் என மனைவி மரகதத்தோடு வந்தார். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது அவர் எண். அந்த வகைக்கு ஒரு சோதனை உண்டு. முடிவில் மீதி பூஜ்ஜியம் வந்தால் பகா எண். வேறெது வந்தாலும் இல்லை. வாரக்கணக்கில் கணினி ஓட வேண்டும் என்றேன். இந்த நேரத்தில் இது எதற்கு என்று மரகதம் அலுத்துக்கொண்டார். செல்வராஜ் என்னிடம் சொன்னார்:

"வீட்டைப் பசங்க பிரிச்சுக்குவாங்க. யாராலயும் பிரிக்க முடியாததா என்னுதுன்னு ஒண்ணு இருக்கட்டும்மா."

மூலைக் கணினி

ஆய்வகத்து மஞ்சுநாத், சோதனை ஓடிய மூலைக் கணினியை யாரும் தொடாமல் காத்தார். ஆபரேஷன் நாள் வந்து போயிற்று. எப்போது முடியும் என்று நான் தினமும் கேட்டு நச்சரித்தேன்.

"ஓடறவரைக்கும் நிம்மதி மேடம். முடிஞ்சாதான் கஷ்டம்."

மீதி

பூஜ்ஜியம் வரவில்லை. மரகதம் தனியாக வந்தார். சொன்னேன். எது வகுக்கிறது என்று கேட்டார். வகுபடும் என்பது நிச்சயம், எதனால் என்று இந்தச் சோதனை சொல்லாது என்றேன்.

"டாக்டரும் இதையேதான் சொன்னாரும்மா. பரவிடுச்சாம், எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியலையாம். இவர்கிட்ட இன்னும் ஓடுதுன்னே சொல்லிடறேன். போன் பண்ணினா நீங்களும் அதையே சொல்லுங்க."

எங்கள் துறையில் எந்த விடையையும் இரண்டாம் முறை ஓட்டிச் சரிபார்ப்பது வழக்கம். மஞ்சுநாத் அப்போதே அதைத் தொடங்கிவிட்டார். அதனால் செல்வராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது, ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் உண்மையையே சொன்னேன். அவர் குரல் மெலிந்திருந்தது.

"அவசரமில்லம்மா. பொறுமையா ஓடட்டும்."

இரண்டாம் முறையும் அதே மீதிதான் வந்தது. விடை சரி என்று உறுதியான நாளில், அதைக் கேட்டவர் மட்டும் இல்லை.