பெருமைக்குப் போட்ட படம்

மூன்று வருடங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கிற்குப் பக்கத்தில் சான்ட்விச் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். எனக்குப் பக்கத்தில் நின்றவள் ஸ்பானிஷ் பேசும் நாடொன்றிலிருந்து அகதியாக வந்தவள். அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இடைவேளையில் நாங்கள் சாப்பிட, அவள் தன்னுடைய பத்திரிகைக்குப் போனில் செய்தி எழுதிக்கொண்டிருப்பாள்.

நாலு பேராகத் தொடங்கிய இணையப் பத்திரிகை அது. அவளுடைய நாட்டு அரசாங்கம் முடக்க முடக்க, சனம் செய்திகளை வாட்ஸப்பில் கைமாற்றி வாசித்தது. வாசகர்கள் கூடிக்கொண்டே போனார்கள். அவள் எழுதியது புனைபெயரில். ஊரிலிருந்து இரகசியமாகத் தகவல் அனுப்பியது அவளுடைய சொந்தத் தம்பி. "என் உண்மைப் பெயர் தெரிந்தால் அவனைப் பிடித்துவிடுவார்கள்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். தணிக்கையால் வெள்ளை இடங்களோடு வந்த பத்திரிகையை யாழ்ப்பாணத்தில் வாசித்து வளர்ந்தவள் நான். எனக்கு இதை விளங்கப்படுத்தவா வேண்டும்?

ஆனால் என் புத்தி எங்கே போனதோ! மகள் பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு அவளைக் கூப்பிட்டு, என்னுடைய பட்டுச்சேலை ஒன்றைக் கட்டிவிட்டேன். அப்படியொரு வடிவு. அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, 'எங்கட பத்திரிகைக்காரி' என்று எழுதி, அவளுடைய உண்மைப் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்தேன்.

கணவர் பார்த்துவிட்டு, "அவவின்ர பேரை ஏன் போட்டனீர்? உந்தப் படத்தை எடுத்துவிடும்" என்றார்.

"சும்மா இருங்கோப்பா. எங்கட சனம் பாக்கிற பேஸ்புக்கை எந்த அரசாங்கம் வந்து பாக்கப்போகுது?" என்றேன். லைக் விழுந்துகொண்டிருந்த சந்தோசம் எனக்கு.

இரண்டு வாரம் கழித்து இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள், அழுது முகம் வீங்கியிருந்தது. தம்பியைக் கொண்டுபோய்விட்டார்களாம். கொண்டுபோகும்போது தாயிடம் ஒரு படத்தை நீட்டி, "இது உன் மகள்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். சேலை கட்டிய படம்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் அவளுடைய கையைப் பிடித்து அழுதேன். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். "படத்தை எடுத்துவிடு" என்று மட்டும் சொன்னாள். அன்றைய இடைவேளையில் தம்பியின் கைதுச் செய்தியை எழுதினாள், முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரில்.

இன்றைக்கும் கொண்டாட்டங்களில் யாராவது போனைத் தூக்கிப் படமெடுத்தால், பேஸ்புக்கில் போடவேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள், ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவேண்டியவன் இன்னும் சிறையில் இருக்கிறான்.