ஆய்வில் மலர்விழி, கேட்டில் வீராயி

பிப்ரவரி பிறந்துவிட்டால் நெய்வேலிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏழைகள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வரும். மார்ச் கடைசிக்குள் இறுதியாண்டு பிராஜெக்டைக் கொடுத்தாக வேண்டுமே! ஒரு கும்பல் முந்திரி உடைக்கும் பெண்களைத் தேடிக்கொண்டு போகும். இன்னொரு கும்பல் குப்பை பொறுக்குகிறவர்களைப் பிடிக்கும். புவனா தலைமையில் கிளம்பிய ஐந்து பெண்களுக்கு ‘சமூக நீதியும் ஒப்பந்தத் தொழிலாளரும்’ என்ற தலைப்பு விழுந்தது; நூறு பேரிடம் கேட்டு ஃபாரம் நிரப்ப வேண்டும். அவர்கள் கையில் வந்து மாட்டியவள் வீராயி.

வீராயிக்கு நாற்பத்தாறு வயது. அவள் பிறந்த தெரு இருந்த இடத்தில் இப்போது சுரங்கப் பள்ளம். தெருவே கூலிக்குப் போன ஜனங்கள். ஊரில் நிலத்துக்கு விலை பேசியபோது, பேசுவதற்கு அவர்களிடம் நிலம் இல்லை. பதினேழு வருஷமாகக் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரி, திரும்பப் பெல்ட்டில் போடுகிறாள். இதற்குள் ஐந்து கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். கணவன் ராமலிங்கம் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு கிடக்கிறான். மகள் இசைப்பிரியா நர்சிங் படிக்கிறாள். அடுப்பு எரிவது வீராயி கழுத்தில் தொங்கும் கேட் பாஸால்தான். வருஷா வருஷம் மார்ச் முப்பத்தொன்றோடு அது செத்துவிடும். கான்ட்ராக்டர் மனது வைத்தால் மறுபடி உயிர் வரும்.

அன்றைக்கு முதல் ஷிப்ட் விட்டு வெளியே வருவதற்குள் பஸ் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்ற ஐந்து பெண்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். புவனா ஒரு ஃபாரத்தைப் பார்த்துப் படித்தாள்.

“பணியிடப் பாதுகாப்பு உபகரணங்கள் தங்களுக்கு முறையாக வழங்கப்படுகின்றனவா?”

“இன்னாம்மா கேக்கற?”

“கிளவுஸ், மாஸ்க்லாம் தர்றாங்களாக்கா?”

வீராயி சிரித்துவிட்டாள். “தர்றாங்களே! மாசம் ஒரு நாளு. வரிசையா நிக்க வெப்பாங்க. கையெழுத்துப் போட்டா ஒரு ஜோடி குடுப்பாங்க. மாட்டிகினு போட்டோவுக்கு நிக்கணும். எடுத்ததும் கழட்டி அடுத்தவகிட்ட குடுத்துடணும். நாப்பது பேருக்கும் அந்த ஒரே ஜோடிதான்.”

“சூப்பர்க்கா!” என்று துள்ளினாள் புவனா. “இதை அப்படியே போடலாம்!”

வீராயிக்குச் சுருக்கென்றது. கரி அரித்த உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பெண் புதுச்சேலையைப் பார்த்தது போல சூப்பர் என்கிறது. இருந்தாலும் பதினேழு வருஷத்தில் இதை வாய்திறந்து கேட்டவர்கள் இவர்கள்தான். படம் எடுக்கவும் நின்றாள்.

“பேரு வராதுக்கா, மலர்விழின்னு மாத்திடுவோம். முகத்தையும் மறைச்சிடுவோம்” என்றாள் புவனா.

சொன்ன சொல் தவறவில்லை. மார்ச்சில் கல்லூரி மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஆள் உயரத்துக்குப் படம். முகத்தில் புகை அப்பியது போல் ஒரு மறைப்பு. கீழே ‘மலர்விழி, பெயர் மாற்றப்பட்டுள்ளது’; அதற்கடியில், நாற்பது பேருக்கு ஒரே ஜோடி கையுறை என்று அவள் சொன்ன கதை. கழுத்தில் கேட் பாஸ் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எண் நானூற்றுப் பன்னிரண்டு.

புவனாவின் அப்பா பாலகுமார் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆள். குவார்ட்டர்ஸ் வாசலில் அவர் பெயர் பலகையாகத் தொங்குகிறது. எல்லாரும் பாலகுமார் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்தப் பெண் பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். கான்ட்ராக்ட் ஆட்களை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? ‘நானூத்திப் பன்னெண்டு, நாலாம் பெல்ட்டுக்குப் போ’ என்பதுதான் அங்கே வழக்கம். வீராயி என்று பெயர் போட்டிருந்தால்கூட சூப்பர்வைசர் சிங்காரவேலுக்கு யாரென்று விளங்கியிருக்காது.

அந்தச் சிங்காரவேல்தான் கண்காட்சிக்குச் சமோசா கொண்டுபோனவர். சமூக நீதிக்குத் தேநீர்ச் செலவு வீராயியின் கான்ட்ராக்டர் உபயம்! பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார், எதிரே நம்பர் நின்றது.

மறுநாள் காலை கேட்டிலேயே கூப்பிட்டார். “நானூத்திப் பன்னெண்டு, இப்படி வா. காலேஜ்ல உன் படத்தைப் பார்த்தேன். கையுறை வாங்கினேன்னு மாசாமாசம் கையெழுத்துப் போட்டியே, போட்டோவும் இருக்கு. அப்போ நான் பொய்யனா?”

வீராயி கழுத்துப் பாஸை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“உனக்கு எல்லாம் ஒழுங்கா குடுக்கறோம், புள்ளைங்கதான் கதை கட்டிட்டாங்கன்னு எழுதிக் குடு. இல்லேன்னா ஒன்னாம் தேதி இந்தப் பக்கம் வராத.”

ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, ஷிப்ட் முடிந்து கல்லூரிக்குப் போனாள். புவனா அவளைப் பேராசிரியை உமாராணியிடம் அழைத்துப் போனாள். அறையில் மூன்று நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்கம்மா. அது வேற யாரோன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. என் பொழப்பு போயிடும்” என்றாள் வீராயி.

உமாராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி விளக்கினார். “பேரை மறைச்சாச்சு, முகத்தை மறைச்சாச்சு. நெறிமுறைல சொன்னது எல்லாம் பண்ணியிருக்கோம். வெள்ளிக்கிழமை வெளித்தேர்வாளர் வர்றார். அதுவரைக்கும் எதையும் எடுக்க முடியாதும்மா. உங்களை மாதிரி ஆயிரம் பேருக்காகத்தான் இது நடக்குது, புரியுதா?”

“அந்த ஆயிரத்துல நான் ஒருத்தி இல்லிங்களா?”

அந்தக் கேள்விக்கு ஃபாரத்தில் கட்டம் இல்லை போலிருக்கிறது. புவனா தரையைப் பார்த்தாள். “சாரிக்கா, பிராக்டிகல் மார்க் இருக்கு” என்று மெதுவாகச் சொன்னாள்.

வீராயி அடுத்த நாள் சிங்காரவேல் எழுதி வைத்திருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எட்டாவது வரை படித்தவள். ‘எனக்கு மாதந்தோறும் கையுறையும் முகக்கவசமும் தவறாமல் வழங்கப்படுகின்றன. மாணவிகள் தாமாகவே கற்பனை செய்து எழுதியுள்ளார்கள்.’ பதிவேட்டில் எத்தனையோ பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் வரிசையில் முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்குத் தனியாக நின்று, தான் சொன்ன உண்மையைத் தானே பொய் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. கான்ட்ராக்டர் மேலும் கோபம், அந்தப் பெண்கள் மேல் அதைவிடக் கோபம், எல்லாரையும் விட பஸ்ஸைத் தவறவிட்ட தன் மேல் கோபம். கையெழுத்தைப் போட்டாள். தாளின் நகல் ஒன்று கல்லூரிக்குப் போயிற்று. ஏப்ரல் ஒன்றாம் தேதி பாஸ் கைக்கு வந்தது.

மே மாதம் ஒரு மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் யாரோ “அக்கா!” என்றார்கள். புவனாதான். ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கினாள். முகத்தில் கொஞ்சம் வருத்தம், நிறைய சந்தோஷம்.

“நீங்க இப்படி மாத்தி எழுதிக் கொடுப்பீங்கன்னு நினைக்கலைக்கா. ஃபெயில் ஆயிடுவோமோன்னு பயந்தே போயிட்டோம். அப்புறம் மேடம்தான் உங்க ஃபாரத்தையும் படத்தையும் மட்டும் எடுத்துட்டு, மிச்சம் தொண்ணூத்தொம்பதை வச்சுக் கொடுக்கச் சொன்னாங்க. டிபார்ட்மென்ட்லயே நாங்கதான் ஃபர்ஸ்ட்!”

வீராயி அவள் கையைப் பிடித்தாள். “தொண்ணூத்தொம்போது பேரா? அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆவலயே? எந்த செக்‌ஷன் ஆளுங்க?”

புவனா சிரித்தாள். “அய்யோ, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அன்னிக்கு உங்களைத் தவிர யாருமே நிக்கலை. மத்ததெல்லாம் நாங்களே கேன்டீன்ல உட்கார்ந்து எழுதினது. ஆளே இல்லாததால யாரும் வந்து பொய்னு சொல்லலை, பாருங்க.”

வீராயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அறைய வேண்டும் போல இருந்தது.

“அவங்களுக்காவது கையுறை குடுத்தாங்களா?”

புவனா கண்ணை மூடி யோசித்தாள். கேலி அவளுக்கு உறைக்கவே இல்லை. “பதிமூணு பேருக்குக் கிடைச்சதா போட்டிருந்தோம்க்கா.”

“குடுத்து வச்சவங்க” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறினாள் வீராயி.